மழைக்குள் கூடாரம்: பேரப்பிள்ளைகளோடு மார்கழியில் இரண்டு இரவு

கேள்வி:

உரும்பிராயில் நானும் கணவரும் மட்டும் இருக்கிறோம். எனக்கு 67 வயது, அவருக்கு 72. இந்த மார்கழி விடுமுறைக்குக் கனடா, லண்டன், கொழும்பு மூன்று இடத்திலும் இருக்கிற பிள்ளைகள் குடும்பத்தோடு வருகிறார்கள். பேரப்பிள்ளைகள் ஆறு பேர். கடைக்குட்டிக்கு 3 வயது, மூத்தவளுக்கு 14. எல்லாருமாகப் பதினான்கு பேர். காரைநகர் கசூரினாக் கடற்கரையில் ரென்ற் அடித்து இரண்டு இரவு தங்க வேண்டும் என்று பேரப்பிள்ளைகள் துள்ளுகிறார்கள். அந்த நாட்களில் மழை விடாதே என்று எனக்குப் பயம். இவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை செய்து ஒரு வருடம்தான். எல்லாரும் ஒன்றாக வருவது பல வருடத்துக்குப் பிறகு என்பதால் வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் நாலு பரப்பு வளவு சும்மா கிடக்கிறது. என்ன செய்யலாம்?

— உரும்பிராய் வாசகி

பதில்:

அம்மா, வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கூடாரம் அடியுங்கள், இரண்டு இரவும் தங்குங்கள். இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். கசூரினாவுக்குப் பகலில் போய் வரலாம். இரவுக்கு உங்கள் நாலு பரப்பு வளவுதான்.

ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். யாழ்ப்பாணத்தின் வருட மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் விழுகிறது. டிசம்பர் கடைசியில் ஓரளவு தணியும் என்றாலும், வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவானால் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும். கசூரினா வடக்குப் பார்த்த கரை. வாடைக்காற்று நேரே முகத்தில் அடிக்கும். மற்ற மாதங்களில் சிறுவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று விளையாடுகிற அதே கடலில் இந்த நாட்களில் அலை எழும்பும். நடுச்சாமத்தில் கூடாரம் சரிந்தால், நனைந்த ஆறு பிள்ளைகளையும் வாகனத்தில் ஏற்றிப் பொன்னாலைப் பாலம் தாண்டித்தான் வீடு வர வேண்டும். வடமராட்சி கிழக்கில் உள்ள மணற்காட்டுக் கடற்கரைக்குப் போகலாமே என்றால், அது இன்னும் திறந்த கரை. அதோடு டிசம்பர் 26 வடமராட்சி கிழக்கில் 2004 சுனாமியில் போனவர்களை நினைத்து விளக்கேற்றுகிற நாள். அன்று அந்தக் கரைக்குக் கொண்டாட்டமாகப் போகாதீர்கள். போனால் பிள்ளைகளுக்கு விபரம் சொல்லி, ஒரு விளக்கேற்றி வரப் போங்கள்.

மழைக்காலக் கூடாரத்துக்கு நான் வைக்கிற நிபந்தனை ஒன்றே ஒன்று. ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு நிமிடத்துக்குள் ஓடிச் சேரக்கூடிய தூரத்தில் உறுதியான கூரை இருக்க வேண்டும். அது இருந்தால் மழை பேரப்பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அது இல்லாத இடத்தில் பெரியவர்கள் யாரும் கண்மூடமாட்டார்கள். உங்களுக்கு விறாந்தை இருக்கிறது, குசினி இருக்கிறது, மலசலகூடம் இருக்கிறது. இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற முகாம் காசு கொடுத்தாலும் கிடைக்காது. இனி, மழை வந்தால் பார்ப்போம் என்று திட்டம் போடாதீர்கள். மழை பெய்துகொண்டிருக்கிறது என்றே வைத்துத் திட்டம் போடுங்கள். பெய்யாவிட்டால் லாபம்.

வளவில் எந்த இடம்

உரும்பிராய்ச் செம்மண் தண்ணீரை வேகமாக உறிஞ்சும். கீழே சுண்ணாம்புக்கல், அதனால் வடிந்துவிடும். ஆனால் வாகனம் நின்று இறுகிய நிலமும், காலால் மிதிபட்டுக் கெட்டியான முற்றமும் அப்படி உறிஞ்சாது. பிள்ளைகள் வருவதற்கு ஒரு கிழமை முன்னரே, ஒரு நல்ல மழைக்கு மறுநாள், வளவைச் சுற்றி நடந்து பாருங்கள். தண்ணீர் தேங்கிய தடம், சருகு ஒதுங்கிய கோடு, பாசி பிடித்த திட்டு எல்லாம் தெரியும். அவற்றை விட்டு மேடான இடத்தில் ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் குழி வெட்டி வாளியால் நிரப்புங்கள். ஒரு மணித்தியாலத்தில் வற்றினால் நல்ல இடம். வற்றாமல் நின்றாலோ, வெட்டும்போதே அடியிலிருந்து தண்ணீர் ஊறினாலோ வேறு இடம் பாருங்கள்.

நிலத்தைப் பார்த்தபின் அண்ணாந்து பாருங்கள். தென்னைக்குக் கீழே வேண்டவே வேண்டாம். பனையென்றால் காவோலை, காற்றில் அது நேர்கீழே விழாது, சறுக்கிக்கொண்டு தள்ளிப்போய் விழும். மரத்தடியிலிருந்து குறைந்தது 6 மீற்றர் விடுங்கள். அதற்கு முன்னரே ஆள் பிடித்துக் காவோலையையும் முற்றிய தேங்காயையும் இறக்கிவிடுங்கள். பலர் கவனிக்காதது முருங்கை. மழையில் நனைந்து கனத்த முருங்கைக் கொப்பு சின்னக் காற்றுக்கே முறிந்து விழும். மின்கம்பி போகிற பாதையையும் தவிருங்கள்.

முதலில் தறப்பாள், பிறகுதான் கூடாரம்

எங்கள் ஊரில் தறப்பாள் என்றாலே பலருக்கு இடம்பெயர்ந்த காலம்தான் நினைவுக்கு வரும். உங்களுக்கோ கணவருக்கோ அந்த நினைவு பாரமாக இருந்தால் பிள்ளைகளிடம் முன்னரே சொல்லிவிடுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு விளையாட்டாகத் தெரிவது உங்களுக்கு அப்படி இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை.

பதினான்கு பேரும் ஒன்றாகக் கதிரை போட்டு இருக்க 18க்கு 24 அடித் தறப்பாள் ஒன்று வேண்டும். அது ஏறக்குறைய 40 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர் தண்ணீர். 50 மில்லிமீற்றர் மழை பெய்த இரவில் உங்கள் தறப்பாளில் விழுவது 2000 லீற்றர், அதாவது இரண்டு தொன். வழிந்து ஓடும் வரை பிரச்சினை இல்லை. எங்காவது தொய்ந்து, ஒரு சதுர மீற்றர் இடத்தில் 10 சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தேங்கினால் 100 கிலோ. அந்தப் பாரத்தில்தான் வளையம் பிய்யும், தடி முறியும், கீழே இருப்பவர்கள் மேல் விழும். ஆகவே தறப்பாளைத் தட்டையாகக் கட்டாதீர்கள்.

நடுவில் ஒரு முகட்டுக் கயிறு. இரண்டு பக்கமும் உறுதியான மூங்கிலோ சவுக்குத் தடியோ, மண்ணுக்கு மேல் 8 அடி நிற்குமாறு இரண்டு அடி ஆழத்துக்கு அலவாங்கால் குழி போட்டு நடுங்கள். இடைவெளி 26 அடி. கயிற்றை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு தடியிலிருந்தும் பின்பக்கமாக ஒரு இழுவைக் கயிறு நிலத்துக்குக் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் தறப்பாளின் பாரத்தில் இரண்டு தடியும் உள்ளே சாயும். தறப்பாளை அந்தக் கயிற்றின் மேல் போட்டு, இரண்டு ஓரத்தையும் 5 அடி உயரத்துக்கு இறக்கிக் கட்டுங்கள். முகட்டிலிருந்து ஓரத்துக்கு 3 அடி இறக்கம் கிடைக்கும், தண்ணீர் நிற்காது. வடகிழக்குப் பக்கத்தை மட்டும் இன்னும் ஒரு அடி தாழ்த்துங்கள். காற்றும் சாரலும் அங்கிருந்துதான் வரும்.

கயிறு முக்கியம். தும்புக் கயிறு நனைந்தால் இறுகும், காய்ந்தால் தொய்யும். வெள்ளை நைலோன் நனைந்தால் நீளும். மீன்பிடிச் சாமான் கடையில் கிடைக்கிற பச்சை, நீலப் பிளாஸ்ரிக் கயிறு, 8 அல்லது 10 மில்லிமீற்றர், மழைக்கு நல்லது. இழுவைக் கயிறுகளில் கண் மட்டத்தில் வெள்ளைத் துணித் துண்டு கட்டிவிடுங்கள். ஓடுகிற பிள்ளைகளின் கழுத்து அந்த உயரத்தில்தான் வரும். முகட்டுக் கயிறு தறப்பாளுக்கு வெளியே போகிற இடத்திலும் ஒரு துணித் துண்டு தொங்கட்டும். கயிற்று வழியே உள்ளே ஊர்ந்து வருகிற தண்ணீர் அந்தத் துணியால் இறங்கிச் சொட்டிவிடும்.

நனைந்த மண்ணில் கூடாரத்தோடு வருகிற மெல்லிய ஆணி பிடிக்காது, கையால் இழுத்தாலே வரும். பழைய யூரியாப் பையை அரைவாசி மண்ணால் நிரப்பி, வாயைக் கட்டி, கயிற்றை அதன் நடுவில் சுற்றி, ஒன்றரை அடி ஆழத்தில் கிடையாகப் புதையுங்கள். நாலு மூலைக்கும் இரண்டு தடிக்கும் ஆறு பை. அதுதான் உங்கள் நங்கூரம்.

கூடாரங்கள் மூன்று போதும். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிறவர்கள் பயணப் பொதியில் கொண்டுவரலாம். நாலு பேர் கூடாரம் ஒன்று 4 முதல் 6 கிலோ வரும். பெட்டியில் நாலு பேர் என்று போட்டிருந்தால் மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிவிரிப்பு சுவரோடு சேர்த்துத் தைத்ததாகவும், மேலே தனியாக ஒரு மழைப்போர்வை உள்ளதாகவும் இருக்க வேண்டும். தண்ணீர் தாங்கும் அளவு என்று 3000 மில்லிமீற்றர் குறித்திருந்தால் எங்கள் மழைக்குச் சரி. 1500க்குக் கீழே வாங்கவே வேண்டாம். எறிந்தவுடன் தானாக விரிகிற மலிவான கடற்கரைக் கூடாரங்களில் பெரும்பாலானவை வெயிலுக்கு மட்டுமே. வந்த அன்றே முற்றத்தில் அடித்து, குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் மேலே பாய்ச்சிப் பாருங்கள். ஒழுகினால் பெரும்பாலும் தையல் வழியாகத்தான். தையல் அடைக்கிற பசை பூசிக் காயவிட ஒரு நாள் இருக்கும்.

கூடாரத்துக்கு அடியில் புதுக் கிடுகு இரண்டு அடுக்கு விரித்து, அதன் மேல் பொலித்தீன் விரிப்பைப் போடுங்கள். பழைய கிடுகு வேண்டாம், அதற்குள் தேளும் மட்டத்தேளும் குடியிருக்கும். பொலித்தீன் விரிப்பு கூடாரத்தின் அடியை விட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் சிறியதாக இருக்கட்டும். பெரியதாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கூரையில் வழிகிற தண்ணீரைப் பிடித்து நேரே படுக்கைக்குக் கீழே கொண்டுவந்துவிடும். மழைக் கூடாரத்தில் நடக்கிற தவறுகளில் முதலாவது இதுதான். கூடாரத்தின் வாசல் தென்மேற்குப் பக்கம் பார்க்கட்டும். காற்றுத் துவாரங்களை மழை என்று மூடாதீர்கள். மூன்று பேரின் மூச்சும் வியர்வையும் உள்கூரையில் பட்டுத் துளியாகி முகத்தில் சொட்டும், பிள்ளைகள் கூடாரம் ஒழுகுகிறது என்று அழுவார்கள்.

ஒரு பை மட்டும் நனையக் கூடாது

டிசம்பர் இரவில் வெப்பநிலை 22, 24 பாகைக்கு இறங்கும். கனடாக் குழந்தைக்கு அது குளிரே இல்லை என்பார்கள். நனைந்த உடுப்போடு வாடைக்காற்றில் அரை மணித்தியாலம் இருந்தால் அந்தக் குழந்தையின் பல்லும் கிட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பொலித்தீன் பைக்குள், ஒன்றுக்குள் ஒன்றாக, ஒரு இரவு உடுப்பு, ஒரு துவாய், ஒரு சுவெற்றர், ஒரு சோடி காலுறை வைத்துக் கட்டி, பெயர் எழுதி, விறாந்தை மேசையில் அடுக்குங்கள். படுக்கப் போகும்வரை அதை யாரும் திறக்கக் கூடாது. பகலில் மூன்று தரம் நனைந்தாலும் பரவாயில்லை, மாற்ற வேறு உடுப்பு இருக்கட்டும். இரவானதும் விறாந்தையிலேயே துடைத்து, உலர்ந்ததை உடுத்தி, குடைக்குள் கூடாரத்துக்குக் கொண்டுபோங்கள். நனைந்த எந்தத் துணியும் கூடாரத்துக்குள் போகக் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டைக் காக்கிற பொறுப்பை உங்கள் 14 வயதுப் பேத்தியிடம் கொடுங்கள். அந்த வயதுப் பிள்ளைக்கு அதிகாரம் கிடைத்தால் பெரியவர்களை விடக் கண்டிப்பாக நடத்தும்.

வெள்ளமும் கிணறும்

மழையில் நனையலாம், வெள்ளத்தில் இறங்கக் கூடாது. பிள்ளைகளுக்கு இப்படியே சொல்லுங்கள், விளங்கும். மேலிருந்து விழுகிற தண்ணீர் சுத்தம். தேங்கி நிற்கிற தண்ணீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும். காலில் ஒரு கீறல் போதும், எலிக்காய்ச்சல் தொற்றும். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் அது பரவி உயிர்கள் போயின. வயல், குளக்கரை, ஒழுங்கையில் நிற்கிற வெள்ளம் மூன்றும் விலக்கு. முற்றத்து மழையில் எவ்வளவு நேரமும் ஆடட்டும், செருப்போடு.

கிணறு பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளை திறந்த கிணற்றைக் கண்டிராது. மழைக்காலத்தில் தண்ணீர் மட்டமும் ஏறி நிற்கும். எட்டிப் பார்த்தால் கைக்கெட்டுவது போலத் தெரியும். அவர்கள் வருவதற்கு முன் கிணற்று வாயை இரும்புக் கம்பிவலையால் மூடிப் பூட்டுங்கள். தற்காலிகமாகப் பலகை போட்டு வைப்பது அதைவிட ஆபத்து, அதன் மேல் ஏறி நிற்பார்கள். எல்லாரும் பார்த்துக்கொள்வோம் என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். ஆகவே மணித்தியாலத்துக்கு ஒரு பெரியவர் என்று முறை வைத்து, அவர் கையில் கைத்தொலைபேசி இல்லாமல் சின்னவர்கள் எல்லாரையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

குடிக்கக் கிணற்றுத் தண்ணீர் என்றால் நன்றாகக் கொதிக்க வைத்துத்தான். நிலத்தடி நீர் ஏறுகிற மாதங்களில் மலக்குழிக் கசிவு கிணற்றில் கலக்க வாய்ப்பு அதிகம். பதினான்கு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 70 லீற்றர் தேவை. 19 லீற்றர் போத்தல் நாலு வாங்கினால் ஒரு நாள் போகும்.

இரவு

ஆறு மணிக்கே இருட்டிவிடும், விடிய ஆறரை ஆகும். பன்னிரண்டு மணித்தியால இருட்டு. வெளிச்சத்துக்கு வீட்டிலிருந்து வயர் இழுக்காதீர்கள். நனைந்த பிளக்கும் வெறுங்காலும் சேர்ந்தால் உயிர் போகும். மின்கலத்தில் எரிகிற விளக்குகள் போதும்: தறப்பாளுக்குக் கீழ் இரண்டு, மலசலகூட வழியில் இரண்டு, ஆளுக்கு ஒரு ரோர்ச் லைற்.

மழை பெய்தால் பாம்பு தன் பொந்தை விட்டு மேட்டுக்கு வரும். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கால் பட்டால் கடிக்கும். ஆகவே இருட்டில் ரோர்ச்சும் மூடிய சப்பாத்தும் இல்லாமல் ஒரு அடி வைக்கக் கூடாது. கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள் உள்ள கட்டுவிரியன் வேறு மாதிரி. நிலத்தில் படுத்திருப்பவரை நித்திரையில் கடிக்கும், பெரிதாக வலிக்காது, தடமும் தெரியாமல் போகலாம். காலையில் வயிற்று நோ, இமை தூக்க முடியாமை என்று ஒரு பிள்ளை சொன்னால் அசட்டை செய்யாமல் உடனே வைத்தியசாலை. இதற்குக் காவல் கூடாரத்தின் சிப்தான். உள்ளே போனதும் முழுதாக இழுத்து மூட வேண்டும், இரண்டு விரல் இடைவெளியும் விடக் கூடாது. வெளியே கழற்றிய சப்பாத்தைக் காலையில் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடட்டும். கடித்துவிட்டால் வெட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், பாம்பைத் துரத்தாதீர்கள். மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். யாழ் போதனா வைத்தியசாலை உங்களுக்குச் சில கிலோமீற்றர்தான்.

நுளம்பு பற்றி வெளிநாட்டுப் பெற்றோர் முதலில் மலேரியாவைத்தான் கேட்பார்கள். இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் சான்றளிக்கப்பட்டது என்று சொல்லுங்கள். எங்கள் பயம் டெங்கு. அந்த நுளம்பு பகலில், விசேஷமாகக் காலையிலும் பின்னேரத்திலும் கடிக்கும். ஆகவே இரவு வலை மட்டும் போதாது. பகலில் நீளக்கை உடுப்பும், டீட் என்கிற நுளம்பு விரட்டி மருந்து 20 முதல் 30 சதவீதம் உள்ள பூச்சும் வேண்டும். சின்னவனின் உள்ளங்கையில் பூசாதீர்கள், வாயில் வைப்பான். வளவில் கிடக்கிற சிரட்டை, ரின், பூச்சாடித் தட்டு எல்லாவற்றையும் அவர்கள் வருவதற்கு ஒரு கிழமை முன்னரே கவிழ்த்து அகற்றுங்கள். நுளம்புச் சுருளை கூடாரத்துக்குள் கொளுத்தக் கூடாது. கரியடுப்பு, காஸ் அடுப்பு, குப்பிவிளக்கு எதுவும் உள்ளே போகக் கூடாது. மூடிய கூடாரத்தில் மணமில்லாத நச்சுவாயு சேரும், படுத்தவர் எழும்பமாட்டார்.

மழைக்குள் அடுப்பு, அடுப்பில் கூழ்

கூழ் இல்லாமல் இப்படி ஒரு இரவு எதற்கு? காய வைத்த பனங்கிழங்கின் மாவில் காய்ச்சுகிற ஒடியல் கூழ் மழைக்கும் கூட்டத்துக்கும் என்றே அமைந்த சாப்பாடு. அதைத் தறப்பாளுக்குக் கீழே காய்ச்சாதீர்கள், பிளாஸ்ரிக் உருகிச் சொட்டும். வெளிக்குசினி இருந்தால் அங்கே. இல்லாவிட்டால் மூன்று தகரத்தை ஏழு அடி உயரத்தில் சாய்த்துக் கட்டுங்கள். நனைந்த நிலத்தில் நேரே அடுப்பு மூட்டினால் விறகின் சூட்டில் பாதி நிலத்தைக் காய வைப்பதிலேயே போய்விடும். ஒரு தகரத் துண்டில் மூன்று அங்குலம் மணல் போட்டு, அதன் மேல் சீமெந்துக் கல் மூன்று வையுங்கள். வளவில் கிடக்கிற சுண்ணாம்புக்கல்லை அடுப்புக்கு வைக்காதீர்கள். அதற்குள் ஊறிய தண்ணீர் ஆவியாகி, கல் வெடித்துத் தெறிக்கும். விறகு 20 கிலோ ஒரு கிழமை முன்னரே வீட்டுக்குள் வரட்டும். பற்ற வைக்கப் பன்னாடை, பிடிக்கச் சிரட்டை, நின்று எரிய ஊமல். மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டிய தேவை வராது.

பதினான்கு பேருக்கு ஒடியல் மா அரைக் கிலோ. அரித்து, இரண்டு லீற்றர் தண்ணீரில் மூன்று மணித்தியாலம் ஊறவிட்டு, மேலே தெளிந்த தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத்தண்ணீர் விடுங்கள், கயர்ப்பு போகும். பெரிய பானையில் ஐந்து லீற்றர் தண்ணீர் கொதித்ததும் ஒரு பிடி சிவப்பரிசி, துண்டு போட்ட மரவள்ளி அரைக் கிலோ, பயித்தங்காய் கால் கிலோ, கிடைத்தால் பலாக்கொட்டை. மரவள்ளி வேகும்வரை பானையை மூடாதீர்கள். இவை நன்றாக அவிந்தபின் மீன் தலையும் துண்டுமாக ஒரு கிலோ, நண்டு ஆறு, இறால் அரைக் கிலோ. புளியை முன்னதாக விட்டால் கொட்டையும் கிழங்கும் எவ்வளவு எரித்தாலும் அவியாது; மீன் வெந்த பிறகுதான் 75 கிராம் புளியைக் கரைத்து விடுங்கள். பிறகு மாவைக் கரைசலாகவே, ஒருவர் ஊற்ற ஒருவர் துழாவ, மெல்லிய தாரையாக விட வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி பிடிக்கும், துழாவாவிட்டால் அடி பிடிக்கும். பதினைந்து நிமிடம் மெல்லிய நெருப்பில் கொதித்ததும் சின்னவர்களுக்கு உரியதை வேறு சட்டிக்கு எடுத்துவிட்டு, அதன் பிறகு செத்தல் மிளகாய் 15, உள்ளி, மஞ்சள், உப்புச் சேர்த்து அரைத்த கூட்டைக் கலவுங்கள். கடைசியில் முருங்கை இலை. ஆற ஆறக் கூழ் இறுகும். பக்கத்தில் கேத்திலில் சுடுதண்ணீர் இருக்கட்டும். நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிறதா என்று ஒரு கிழமை முன்னரே பெற்றோரிடம் கேளுங்கள். இருந்தால் அந்தப் பிள்ளைக்குத் தனிப் பானை, தனி அகப்பை.

பின்னேர மழைக்குப் பிள்ளைகளை இருத்தி வைக்க இதைவிட நல்ல வேலை இல்லை: கூழ் குடிக்கப் பலாவிலை கோலுவது. இலையை நுனியும் காம்பும் சேர மடித்துக் கோலி, ஈர்க்கால் ஒரு குத்து. ஈர்க்கைப் பழைய விளக்குமாற்றிலிருந்து எடுக்காமல் பச்சை ஓலையில் உரியுங்கள். நரம்புக்குக் குறுக்கே குத்தினால் இலை கிழியாது, நரம்போடு சேர்த்துக் குத்தினால் கிழிந்து கூழ் மடியில் ஊற்றும். கிழியும், இன்னொன்று கோலட்டும். ஐந்து வயதுக்குக் கீழே கோப்பையில் ஆற வைத்துக் கொடுங்கள்.

உங்கள் கணவருக்கு

அவர் கூடாரத்துக்குள் படுக்க வேண்டாம். நிலத்திலிருந்து எழும்புவதுதான் சத்திரசிகிச்சை செய்த முழங்காலுக்குப் பெரிய சோதனை. விறாந்தையில் அவருடைய கட்டிலைப் போட்டு நுளம்பு வலை கட்டுங்கள். அங்கிருந்து மூன்று கூடாரமும் தெரிகிற மாதிரி கூடாரங்களை அமையுங்கள். தறப்பாளுக்குக் கீழே கைபிடி உள்ள உயரமான கதிரை ஒன்று அவருக்கு. விறாந்தையிலிருந்து அந்தக் கதிரை வரைக்கும் மூன்று அடி அகலத்துக்குச் சல்லி போட்டு, ஒரு பக்கம் இடுப்பளவில் கயிறு கட்டிவிடுங்கள். நனைந்த செம்மண் பாதத்தில் அப்பிச் செருப்பை வழுக்கச் செய்யும். விழுவது பெரும்பாலும் இரவு மலசலகூடத்துக்குப் போகும்போதுதான். மாத்திரைகள் வழக்கமான நேரத்துக்கு. விருந்தாளிகள் வந்த பரபரப்பில் தவறுவது அதுதான்.

எப்போது கூடாரத்தைக் கழற்றுவது

மழைக்காக அல்ல, காற்றுக்காகக் கழற்றுங்கள். பெரிய கொப்புகள் ஆடி, குடையைப் பிடித்து நடப்பது கஷ்டமாக இருந்தால் காற்று மணிக்கு 40 கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். எல்லாரும் வீட்டுக்குள், முதலில் பிள்ளைகள், பிறகு தறப்பாளின் காற்றுப் பக்கக் கயிறு. மின்னலுக்கும் இடிக்கும் இடையில் முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அப்போதும் வீட்டுக்குள். கடைசி இடிக்குப் பின் அரை மணித்தியாலம் வெளியே வரக் கூடாது. கூடாரமும் தறப்பாளும் மின்னலுக்குக் காவல் அல்ல, தனிப் பனையடி அதைவிட மோசம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலைக் காலையும் மாலையும் கேளுங்கள். தாழமுக்கம் வடக்கை நோக்கி வருகிறது என்றால் அந்த இரண்டு இரவையும் விறாந்தைக்கு மாற்றுங்கள். 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் வந்த மாதிரி ஒன்று வந்தால் கூடாரத்துக்கு இடமே இல்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

முடிந்ததும் கூடாரங்களை ஈரத்தோடு சுருட்டிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், ஓரிரு நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும். வெயில் வராவிட்டால் விறாந்தைக் கயிற்றில் விரித்துக் காயவிடுங்கள்.

பிள்ளைகள் திரும்பிப் போனபின் ஒரு மாதத்துக்கு ஒரு கண் வைத்திருக்கச் சொல்லுங்கள். டெங்கு பெரும்பாலும் 4 முதல் 10 நாளில் காட்டும். எலிக்காய்ச்சல் ஒரு மாதம் வரை பிந்தியும் வரலாம். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும், ஒரு கிலோ உடல் நிறைக்கு 15 மில்லிகிராம் வீதம் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. ஐபியூபுரோபன், அஸ்பிரின் கொடுக்கக் கூடாது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற வைத்தியருக்கு இந்த இரண்டு காய்ச்சலும் முதலில் மனதில் வராது. பிள்ளை யாழ்ப்பாணத்தில் மழைக்காலத்தில் கூடாரத்தில் தங்கியது என்பதைப் பெற்றோரே வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.